பார்க்காமல், கேட்காமல் ஒன்றாக ஆட முடியுமா? கட்டிப்போட்ட பூச்சிகள் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, பிப்ரவரி 15, 2025

பறவைக் கூட்டம் ஒன்றாகத் திரும்பினால் ஒன்றை ஒன்று பார்க்கிறது, சரி. ஸ்பிரிங்கில் கட்டிப்போட்ட பொம்மைகள் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அவற்றுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. பார்க்காமல், கேட்காமல், சொல்ல ஆளில்லாமல் ஆட்டம் சேராது என்பது என் கட்சி. எங்கோ ஒரு நட்டுவனார் ஒளிந்திருக்கிறார். யார் அவர்?

பிப்ரவரி 15, இரவு 11.20

நட்டுவனார் கிடையாது.

நான் சொன்ன பொம்மை ஹெக்ஸ்பக். கட்டைவிரல் அளவு, உள்ளே அதிர்வு மோட்டார், அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த ரப்பர் கால்கள். தரையில் விட்டால் விறுவிறுவென்று ஓடிச் சுவரில் முட்டும். பாரிஸில் பக்கோனியே, தோஷோ முதலான இயற்பியலாளர்கள் இந்தப் பூச்சிகள் ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்குள் அடைத்து, வளையங்களை ஸ்பிரிங்கால் வலை மாதிரிக் கோத்து, ஓரத்து வளையங்களை நகராமல் அறைந்துவிட்டார்கள். 2022இல் 'நேச்சர் ஃபிசிக்ஸ்' இதழில் வந்தது. பூச்சி வளையத்துக்குள் எந்தப் பக்கமும் திரும்பிக்கொள்ளலாம், வெளியே ஓட முடியாது. திரும்பிய பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஒரு திசையைப் பார்த்து நின்ற இடத்தில் நடுங்கும். கொஞ்சம் தளர்ந்த ஸ்பிரிங் என்றால், ஓர் எல்லையைத் தாண்டியதும், வலையின் நடுப்பகுதி முழுக்க ஒரே சீராகச் சுற்ற ஆரம்பிக்கிறது. சுற்றுகிறது என்றால் ஊர்வலம் போகவில்லை. ஒவ்வொரு வளையமும் தன் இருக்கையை ஒட்டியே ஒரு சின்ன வட்டம் போடுகிறது, எல்லாம் ஒரே நேரத்தில். பக்கத்து வீட்டுக்காரர் மாறவே மாட்டார். அதனால்தான் இதைத் திண்மம் என்கிறோம், தானே தள்ளும் திண்மம், ஆங்கிலத்தில் ஆக்டிவ் சாலிட். பறவைக் கூட்டத்தில் இன்று என் பக்கத்தில் பறப்பவர் நாளை எங்கோ இருப்பார்.

பறவைக்கு விச்செக் என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும் 1995இல் போட்ட கணக்கு மாடல் துறையில் எல்லோருக்கும் தெரியும். சுற்றியிருப்பவர் போகும் திசைகளைப் பார், சராசரி எடு, கொஞ்சம் தப்பும் செய், அந்தப் பக்கம் போ. அங்கே பார்வை உண்டு. இங்கே அது இல்லை. ஸ்பிரிங் இழுப்பது மட்டும்தான் ஒரு பூச்சிக்கு மற்றதைப் பற்றிக் கிடைக்கும் சேதி.

பிப்ரவரி 16, காலை

கட்டைவிரல் அளவு என்றதற்கு ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்து நாலரை சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறார். ஆகட்டும், என் கட்டைவிரலை விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 16, இரவு

நேற்று சாவியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 'தளர்ந்த ஸ்பிரிங் என்றால் சுற்றும்' என்பது நடப்பதைச் சொல்கிறதே தவிரக் காரணத்தைச் சொல்லவில்லை.

சாவி இது. வளையத்தை நீங்கள் கையால் ஒரு பக்கம் இழுத்தால், உள்ளே இருக்கும் பூச்சி முரண்டு பிடிக்காமல் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காலின் சாய்வும் உடலின் எடை உட்கார்ந்திருக்கும் விதமும் அப்படி. ஆக இரண்டு காரியம் நடக்கிறது. பூச்சி தள்ளுகிற பக்கம் வளையம் நகரும். வளையம் நகர்கிற பக்கம் பூச்சி திரும்பும். இந்த இரண்டும் ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கின்றன. ஸ்பிரிங் வழியாக என்னைப் பக்கத்து வளையம் கொஞ்சம் இழுத்தால் நானும் அந்தப் பக்கம் திரும்பித் தள்ளுவேன். அவனைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு ஏன் நேராகப் போகாமல் வட்டம்? வெளியே தள்ளத் தள்ள ஸ்பிரிங் திருப்பி இழுக்கும். முன்னே வழி அடைபட்டது, பக்கவாட்டில் அடைபடவில்லை. துளி பக்கவாட்டில் நகர்ந்தால் முகம் அந்தப் பக்கம் திரும்பும், மறுபடி கொஞ்சம் நகரும், மறுபடி திரும்பும். வட்டம் தானாக விழும். ஒற்றைப் பூச்சியே போதும். தோஷோவும் டெமெரியும் 2019இல் ஒரே ஒரு ஹெக்ஸ்பக்கைக் கிண்ணம் போன்ற ஒரு தட்டில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று, மேட்டைப் பார்த்து முக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். இல்லையென்றால் நடுவைச் சுற்றி வட்டமடிக்கும்.

கிண்ணம்தானே? வீட்டில் வாணலி இருக்கிறது.

பிப்ரவரி 23

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் பழைய செல்போன் வைப்ரேட்டர் மோட்டார் பத்து வாங்கினேன். கடைக்காரர் "கியாரண்டி கிடையாது சார்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார், நேர்மையான மனிதர். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலு ஓடவில்லை.

ஹெக்ஸ்பக் வாங்கலாம்தான், ஆனால் செய்து பார்க்கும் ஆசை விடவில்லை. டூத்பிரஷ் தலையை அறுத்து, மேலே இருபக்க டேப், அதன் மேல் மோட்டார், அதன் மேல் மூன்று வோல்ட் பட்டன் செல். பிரஷ் மயிர் நேராக இருந்தால் பூச்சி நின்ற இடத்தில் உதறும், ஓடாது. எல்லா மயிரும் ஒரு பக்கம் சாய வேண்டும். அம்மிக்குழவியின் கீழ் ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் நன்றாகப் படிந்திருந்தது. அம்மா குழவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வாணலியில் விட்டேன். பத்து நொடி மேட்டில் முக்கியது, பிறகு சட்டென்று திரும்பி வட்டம்! இரும்பு வாணலியில் அந்தச் சத்தம் இருக்கிறதே, தகரத்தில் வண்டு மாட்டிய மாதிரி. பக்கத்து வீட்டில் கதவு திறந்து மூடியது.

பிப்ரவரி 24

நேற்றைய கொண்டாட்டத்தை வாபஸ் வாங்குகிறேன்.

இருபது முறை விட்டுப் பார்த்தேன். இருபது முறையும் இடப்பக்கமாகவே சுற்றியது. அங்கேதான் இடித்தது. நான் சொன்ன காரணம் சரி என்றால் இடமும் வலமும் சமம், சில முறை அப்படியும் சில முறை இப்படியும் வர வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் என்றால் என் பூச்சிக்குப் பிறவியிலேயே கழுத்துக் கோணல். சமதரையில் விட்டேன். அங்கேயும் இடப்பக்கம் வளைந்து போனது. ஆக வாணலிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. மோட்டார் நடுவில் இல்லை, ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டியிருக்கிறேன்.

பகலில் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் க்யூசி, அதாவது தரப் பரிசோதனை, பார்க்கிறவன் நான். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் அடுத்தவர் பீஸைத் தூக்கி ஸ்கிராப்பில் போடுவேன்.

மார்ச் 2

மோட்டாரை நகர்த்தி, சமதரையில் ஏறக்குறைய நேராக ஓடும்வரை சரிசெய்தேன். இப்போது வாணலியில் இருபதுக்கு பதின்மூன்று இடம், ஏழு வலம். இன்னும் கொஞ்சம் கோணல் இருக்கிறது. ஆனால் அந்த ஏழு முறை வலப்பக்கம் சுற்றியதைக் கோணலின் கணக்கில் எழுத முடியாது. எனக்கு அந்த ஏழு போதும்.

மார்ச் 3

வேளச்சேரி நண்பர் கேட்கிறார்: "இது லண்டன் பாலத்துக் கதைதானே?" 2000 ஜூன் 10ஆம் தேதி திறந்த மில்லேனியம் நடைபாலத்தைச் சொல்கிறார். ஜனம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடியது, ஆடிய பாலத்தில் விழாமல் நடக்க ஜனம் காலை அகட்டி வைத்தது, அது பாலத்தை இன்னும் ஆட்டியது. இரண்டு நாளில் மூடிவிட்டு, அதிர்வு தாங்கிகள் பொருத்தி 2002இல் மறுபடி திறந்தார்கள்.

உறவுக்காரக் கதைதான், பங்காளி. அங்கேயும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து நடக்கவில்லை, பாலம் வழியாகத்தான் சேதி போனது. வித்தியாசம், அங்கே ஆடுகிற பொருள் ஒன்று, ஆட்டுகிற ஆட்கள் வேறு. பாலம் வெறும் இரும்பு. பூச்சி வலையில் பொருளின் ஒவ்வொரு கணுவிலும் தள்ளுகிற ஆள் உட்கார்ந்திருக்கிறான். இங்கே 'ஜனத்தை இறக்கிவிடு, பாலம் நின்றுவிடும்' என்று சொல்ல வழியில்லை. ஜனமே பாலம்.

மார்ச் 9

இன்று இயற்பியல் கொஞ்சம் ஜாஸ்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரணத் திண்மத்தை எடுங்கள். அது பல விதமாக அதிரலாம். மொத்தமாக வளையலாம், நடுவில் மட்டும் உப்பலாம், அடுத்தடுத்த அணுக்கள் எதிரெதிராக நடுங்கலாம். இந்த ஒவ்வொரு விதத்தையும் மோடு என்கிறோம். சூடான பொருளில் எந்த மோடுக்கு எவ்வளவு ஆற்றல்? பழைய இயற்பியலின் விடை: எல்லோருக்கும் ஒரே அளவு. வெப்பநிலைக்குத் தக்கபடி இலைக்கு ஒரு கரண்டி. சமபந்தி. பெரிய மோடு சின்ன மோடு பேதம் கிடையாது.

பூச்சி வலையில் சமபந்தி ஒழிந்தது. நூறு மோடு வரிசையில் உட்கார்ந்திருக்க, இரண்டே பேர் அண்டாவைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு இலையில் உப்பு மட்டும். ஆற்றல் வெளியிலிருந்து வருகிறது, பேட்டரியிலிருந்து, ஒவ்வொரு கணுவிலும். ஆனால் அது செலவாகும் இடம் மிகச் சில மோடுகள். இதைத்தான் 2022 பாரிஸ் கட்டுரை 'தேர்ந்தெடுத்து இயக்குவது' என்ற பொருளில் சொன்னது. ஃபெரான்ட்டேயும் கூட்டாளிகளும் 2013இலேயே, வெறும் ஸ்பிரிங் மட்டும் வைத்து, யாரும் யார் திசையையும் கேட்காமல், கூட்டம் ஒரே பக்கம் நகர முடியும் என்று கணக்கில் காட்டியிருந்தார்கள். அங்கே ஆற்றல் மெல்ல மெல்லக் குறைந்த செலவு பிடிக்கும், அதாவது அசைக்கக் கொஞ்சம் ஆற்றலே போதுமான, மோடுகளுக்கு இறங்கி வரும்.

ஆகவே, நட்டுவனார் யார் என்றால் பதில் இதுதான்: வலையின் வடிவமும் ஸ்பிரிங்கும். செலவு குறைந்த மோடு எதுவோ அது ஜெயிக்கும்.

மார்ச் 10

நேற்றைய கடைசி வரி தப்பு. தூக்கத்தில் எழுதினேன்.

ஃபெரான்ட்டேயின் 2013 கணக்குக்கு அது பொருந்தும். பாரிஸ் வலைக்கு அப்படி இல்லை. அங்கே ஜெயிக்கிற மோடு செலவு குறைந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வட்டம் போட இரண்டு மோடு வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் ஒன்று கிழக்கு மேற்காக அசைத்தால் மற்றது வடக்கு தெற்காக அசைக்க வேண்டும், இரண்டும் வலை முழுக்கப் பரவியிருக்க வேண்டும். அப்படிப் பொருந்திய ஜோடிக்குத்தான் பந்தியில் இடம். மலிவாக இருந்தும் ஜோடி அமையாதவர் வாசலில் நிற்பார்.

கல்யாணத் தரகர் போல இருக்கிறது என்று நண்பர் சொன்னார். ஜாதகப் பொருத்தம், ஆமாம்.

மார்ச் 16

"அறிவியலில் இவ்வளவு ஆங்கிலமா, ஆக்டிவ் சாலிடுக்குத் தமிழ் இல்லையா" என்று சண்டை. மூன்று பரிந்துரை வந்திருக்கிறது. 'உயிர்த்திண்மம்' வேண்டாம், டூத்பிரஷ்ஷுக்கு உயிர் இல்லை. 'செயலுறு திண்மம்' என்றால் செம்மொழி மாநாட்டில் சால்வை போர்த்துவார்கள், ஆனால் வாயில் நுழையாது. 'துடிதிண்மம்' நன்றாக இருக்கிறது. துடி என்றால் உடுக்கையும்கூட. இனி அதையே எழுதுகிறேன்.

உயிருள்ள துடிதிண்மமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் நட்சத்திரமீனின் கருக்கள் நீர்ப்பரப்பில் பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டே ஒன்றோடொன்று ஒட்டி, தேன்கூட்டுக் கட்டம் போல ஆயிரக்கணக்கில் அடுக்கிக்கொண்டன. அடுக்கே மொத்தமாகச் சுழன்றது, அதற்குள் அலை ஓடியது. 2022இல் 'நேச்சர்' இதழில் வந்தது. கரு வளர வளர அடுக்கு கலைந்துவிடும். 2023இல் ஹாங்காங்கில் பாக்டீரியாப் படலம் ஒன்று இதே மாதிரி மொத்தமாக ஊசலாடுவதைக் காட்டினார்கள்.

மார்ச் 30

வலை கட்டும் படலம்.

வளையத்துக்கு முதலில் பிவிசி பைப்பை வட்டமாக அறுத்தேன். பூச்சியால் அதை அசைக்கவே முடியவில்லை, பாவம், குழந்தையை ஜேசிபி தள்ளச் சொன்ன மாதிரி. அப்புறம் பிளாஸ்டிக் வளையல். மெல்லிய வளையல் என்றால் பிரஷ் மயிர் அதன் மேல் ஏறிவிடுகிறது. ரங்கநாதன் தெருவில் பட்டை வளையல் ஒரு செட் வாங்கினேன். "எந்தக் கலர், எந்த சைஸ்" என்று கடைக்காரம்மா கேட்டார். "உள்ளே பூச்சி ஓடணும்" என்று சொல்ல வாய் வந்து, அடக்கிக்கொண்டு, 'ரெண்டு நாலு' என்றேன்.

ஒட்டுப்பலகையில் ஆணி அறைந்து, முக்கோணமாக மூன்று வளையல், ஒன்றுக்கொன்றும் ஆணிக்கும் பேனா ஸ்பிரிங் மாட்டினேன். ஸ்விட்ச் கிடையாது, பட்டன் செல்லை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். மூன்றும் உறும, பலகை உறும, ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பூச்சியும் மூன்று பக்கம் பார்த்துச் சுவரை முட்டிக்கொண்டு நின்றன.

பட்டறையில் தினமும் ஸ்பிரிங் அளப்பவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். பேனா ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் இழுக்க இருபது கிராம் அளவு எடை கேட்கிறது. என் பூச்சி தள்ளுவது ஒரு கிராம், மிஞ்சிப்போனால் இரண்டு. வளையல் நகர்வது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த நகர்வுக்குப் பூச்சி திரும்பவே திரும்பாது. பிரஷ் பூச்சி முகத்தைத் திருப்ப வளையல் சில மில்லிமீட்டராவது நகர வேண்டும். துடிதிண்மத்தின் தலையெழுத்து இந்த இரண்டு நீளத்தின் விகிதத்தில் இருக்கிறது: பூச்சி தள்ளினால் ஸ்பிரிங் நீள்வது எவ்வளவு, பூச்சி திரும்ப நகர வேண்டியது எவ்வளவு. முதலாவது போதிய அளவு பெரிதானால் ஆட்டம். இல்லையென்றால் உறைந்து நிற்கும்.

தோற்றதுதான், ஆனால் சரியான இடத்தில் தோற்றிருக்கிறேன்.

ஏப்ரல் 1

இல்லை, இன்று முட்டாள்கள் தின ஜோக் எழுதப்போவதில்லை. மேலே இருக்கும் பிவிசி பைப் ஒன்றே போதும்.

ஏப்ரல் 13

போன வாரம் முழுக்க மயிலாப்பூரில் பங்குனித் திருவிழா. மாட வீதியில் நின்றபடி ஒரு ராத்திரி எனக்குத் தலையில் பல்ப் எரிந்தது. சாமி வருகிறார். வாகனத்தின் கீழே நீள வாரைகள். வாரையைத் தோளில் சுமந்து வரிசையாகச் சாமி தூக்கும் சீர்பாதம் தாங்கிகள். ஒவ்வொருவரும் தன் காலால் தள்ளுகிற ஆள். வாரை எல்லோரையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறது. பக்கத்து ஆள் மாறுவதில்லை. துடிதிண்மம் தோளில் வருகிறது! மொத்த வாகனமும் இடமும் வலமுமாக ஆடி ஆடி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடையின் குஞ்சம் ஒரு பக்கம், சாமியின் மாலை மறுபக்கம். சுண்டல் ஆறிப்போனது.

நான் மயிலாப்பூரிலேயே வளர்ந்தவன். இத்தனை வருஷம் சாமியைத்தான் பார்த்திருக்கிறேன், கால்களைப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து சொன்னவர்களுக்கு நன்றி, உங்களுக்கும்.

எங்கள் தெரு முனையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணன் பல வருஷமாக வாகனம் தூக்குகிறவர். நேராகவே கேட்டேன்.

"அண்ணே, எப்படி எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே பக்கம் சாயறீங்க? முன்னாடி போறவரைப் பார்த்தா?"

"முன்னாடி போறவன் முதுகே சரியாத் தெரியாது தம்பி. வாரை எந்தப் பக்கம் அழுத்துதோ அந்தப் பக்கம் கால் போயிடும். எதுத்து நின்னா தோள்பட்டை கழண்டுடும். புதுப் பசங்க எதுத்து நிப்பாங்க. ரெண்டு நாள்ல வீங்கிக்கிட்டு வருவாங்க."

வாரை அழுத்துகிற பக்கம் கால். நகர்கிற பக்கம் முகம். நான் பிப்ரவரியில் இரண்டு பத்தி எழுதியதை மனிதர் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே ஒரு வரியில் சொல்லிவிட்டார். முத்துமுத்தாகச் சொன்ன அடுத்த வரியை எழுதாமல் மறைத்தால் நான் அயோக்கியன்: "ஆனா திருப்பத்துல கத்துறதுக்கு ஆள் உண்டு. அப்புறம் மேளம் இருக்குல்ல."

ஏப்ரல் 15

கேள்வி கேட்டவர் உடனே பிடித்துக்கொண்டார்: "பார்த்தீர்களா, நட்டுவனார்! நாகஸ்வரமும் தவிலும்!"

சரணடைகிறேன், பாதி. சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும்போது தவில் சொல்லுக்குக் கால் விழுகிறது, உண்மை. அது வெளியிலிருந்து வரும் கடிகாரம். துடிதிண்மத்தில் கடிகாரம் இல்லை, தாளத்தின் வேகமே வலைக்குள்ளிருந்துதான் பிறக்கிறது. ஆக வாகனம் சுத்தமான உதாரணம் அல்ல. தோள் பாதி, தவில் பாதி. எது எவ்வளவு என்று பிரிக்க ஒரு நாள் மேளத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்த யோசனையை மாட வீதியில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 20

கூட்டம் பற்றியே மூன்று பேர் கேட்டுவிட்டதால் இதையும் எழுதுகிறேன்.

ஸ்பெயினில் பாம்ப்லோனா ஊரின் சான் ஃபெர்மின் திருவிழாத் தொடக்கத்தில் நகரசபைக்கு எதிர்ச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்பார்கள். இயற்பியலாளர் பர்த்தோலோவின் குழுவினர் மேலிருந்து பல ஆண்டுகள் படம் எடுத்து, 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். நெரிசல் ஏறியதும் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து, தங்களுக்கே தெரியாமல், மெதுவாக வட்டமாக நகர்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18 நொடி. யாரும் தள்ளச் சொல்லவில்லை, பாட்டுக்கும் அது சேராது. ஜெர்மனியில் 2010இல் டூயிஸ்பர்க் இசை விழா நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். அந்த விபத்து ஆரம்பித்த நேரத்துப் படப்பதிவிலும் இதே மாதிரிச் சுழற்சி இருந்ததைக் காட்டினார்கள். ஆட்டம் தொடங்குவதை மேலிருந்து கண்டுபிடித்தால் எச்சரிக்கலாம் என்பது அவர்கள் யோசனை.

இதைத் துடிதிண்மம் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, சொல்லக்கூடாது. கூட்டத்தில் பக்கத்து ஆள் மாறுவார், ஸ்பிரிங் கிடையாது, திருப்பித் தள்ளுவது சதுக்கத்தின் சுவரும் மற்றவர் உடம்பும்தான். கணக்கில் மட்டும் ஒரே குடும்ப முகச்சாடை: நகர்கிற பக்கத்துக்கும் தள்ளுகிற பக்கத்துக்கும் இடையே ஒரு பின்னூட்டம், அதிலிருந்து வட்டம்.

சென்ட்ரலில் சாயங்கால லோக்கலுக்குப் பிளாட்பாரத்தில் நிற்கும்போது இதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. நேற்று கூட்டம் என்னை இரண்டு அடி இடமாக நகர்த்தி, கொஞ்ச நேரம் கழித்து முன்னே தள்ளியது. நொடி எண்ணப் பார்த்தேன். பன்னிரண்டில் ரயில் வந்துவிட்டது.

ஏப்ரல் 27

"நம் நாட்டில் யாராவது?" இருக்கிறார்கள், ஒரு ராத்திரி ரயில் தூரத்தில். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் (ஐஐஎஸ்சி) ஸ்ரீராம் ராமசாமி இந்தத் துறையின் மூத்தவர்களில் ஒருவர். நீந்தும் உயிர்களின் சீரான கூட்டம் திரவத்துக்குள் நிலைக்காமல் குலைந்துபோகும் என்று அவரும் சிம்ஹாவும் 2002இல் காட்டிய கணக்கு இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது.

என் மனதுக்குப் பிடித்தது அங்கேயே 2014இல் வந்த பரிசோதனை. அதிரும் தட்டில் ஒரு முனை கூம்பிய பித்தளைக் குச்சிகள், நடுவே அலுமினிய மணிகள். குச்சிதான் ஓடும், மணிக்குச் சொந்த ஓட்டம் இல்லை. குச்சிகள் குறைவு, ஒன்றை ஒன்று தொடக்கூட இல்லை. ஆனால் மணி ஓரளவுக்கு மேல் நிரம்பியதும் எல்லாக் குச்சியும் ஒரே பக்கம் திரும்பி ஓடின. ஓடும் குச்சி மணியை இழுக்கிறது, நகரும் மணிக்கூட்டம் தூரத்துக் குச்சியைக் காற்றுக்குத் திரும்பும் திசைகாட்டிச் சேவல் போலத் திருப்புகிறது. மணி திண்மமாகக் கட்டப்படவில்லை, அதனால் இது துடிதிண்மம் அல்ல. ஆனால் 'பார்க்காமல் சேதி எப்படிப் போகும்' என்ற கேள்விக்கு இதைவிட எளிய பதில் என்னிடம் இல்லை. பிப்ரவரியில் முதல் பதிலிலேயே எழுதியிருக்கலாம்.

மே 11

ஸ்பிரிங்குக்குப் பதில் பலூன். பிறந்தநாள் பலூனைக் கத்தரியால் மெல்லிய நாடாவாக வெட்டி மாட்டினேன். ஒரு கிராமுக்கே சில மில்லிமீட்டர் நீள்கிறது. முதல் நாள் நாடா அறுந்தது, இரண்டாம் நாள் பட்டன் செல் ஒன்று சீக்கிரம் தளர்ந்து அந்தப் பூச்சி மட்டும் சோம்பிக் கிடந்து மற்ற இரண்டையும் கெடுத்தது. மூன்றாம் நாள் மூன்று புதுச் செல்.

முதலில் மூன்றும் மூன்று திசை. சிவப்பு வளையல் சும்மா உதறியது. பச்சை கொஞ்சம் பக்கவாட்டில் போனது, நாடா இழுக்க மஞ்சள் பூச்சி முகத்தைத் திருப்பியது. அப்புறம் நான் மூச்சு விடுவதற்குள் மூன்று வளையலும் சேர்ந்து, விரல் நகம் அகல வட்டத்தில், ஒன்றாகச் சுற்றின. நாற்பது நொடி இருக்கும். வீடியோ எடுக்கப் போனை எடுத்தபோது நாடா கழன்றது.

மே 18

வீடியோ இல்லாததால் நம்ப மாட்டேன் என்கிறார் கேள்வி கேட்டவர். நியாயம். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

சாட்சிக்கு ஆள் பிடித்தேன். காய்கறிக் கடை அண்ணன் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். நாடாவை இந்த முறை முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தேன். செல்லைச் செருகினேன். கொஞ்ச நேரம் உதறல், அப்புறம் சுற்றல், இடப்பக்கமாக. அண்ணன் குனிந்து பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. சுட்டுவிரலை நீட்டி மஞ்சள் வளையலை அமுக்கிப் பிடித்தார். மற்ற இரண்டும் தடுமாறி, ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்று நடுங்கின. விரலை எடுத்தார். ஐந்தாறு நொடி குழப்பம். மறுபடி மூன்றும் சுற்றின, இம்முறை வலப்பக்கமாக.

"இதுங்களுக்கு மேளம் யாரு?" என்றார்.

யாரும் இல்லை என்றேன். நம்பவில்லை. மறுபடி பிடித்தார், விட்டார், பிடித்தார், விட்டார். பச்சையின் செல் தளர்ந்து மூன்றும் நிற்கும்வரை எட்டு முறை. எழுதி வைத்திருக்கிறேன்: வலம் ஐந்து, இடம் மூன்று.